வாதும் பற்றும்: அண்ணாமலையை முன்வைத்து

திருவண்ணாமலையின் தலபுராணமே ஒரு வாக்குவாதத்தில்தான் தொடங்குகிறது. நான் பெரியவனா நீ பெரியவனா என்று பிரமனும் திருமாலும் மோதிக்கொண்டார்கள். இருவருக்கும் நடுவே ஒரு தீத்தூண் எழுந்தது. அதன் அடியையோ முடியையோ கண்டு வருபவரே பெரியவர் என்று ஏற்பாடு. பன்றியாகி மண்ணைக் கிண்டிப் போன திருமால் திரும்பி வந்து, காணவில்லை என்றார். அன்னமாகிப் பறந்த பிரமனுக்கும் முடி தென்படவில்லை. ஆனால் அவர் மேலிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்து, கண்டேன் என்றார். பொய் சொன்னவருக்குக் கோயில் இல்லாமல் போயிற்று. பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூ சிவபூசைக்கு விலக்காயிற்று. சிவன் கோயில்களில் கருவறையின் பின்பக்கக் கோட்டத்தில் நிற்கும் லிங்கோத்பவரை உற்றுப் பார்த்தால் மேலே அன்னமும் கீழே பன்றியும் இன்றும் தெரியும்.

இந்தக் கதையைச் சைவர்கள் சிவனின் முழுமுதன்மைக்குச் சான்றாகச் சொல்வார்கள். வைணவர்கள் ஒப்ப மாட்டார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. ஒரு வாதத்தின் கதையாக மட்டும் இதைப் பார்த்தால், தேடிப் போன இருவருமே தேடியதைக் காணவில்லை. அறிவில் இருவருக்கும் ஏற்றத்தாழ்வு இல்லை. ஒருவரால் ‘காணவில்லை’ என்று சொல்ல முடிந்தது, மற்றவரால் முடியவில்லை, அவ்வளவுதான். தன் பக்கம் தோற்றால் தானே தோற்றதாகிவிடும் என்று பிரமன் நினைத்ததால்தான் தாழம்பூ தேவைப்பட்டது.

எடுத்த பக்கத்தோடு தன்னைப் பிணைத்துக்கொள்ளாமல் ஒருவர் வாதிட முடியுமா, முடியுமென்றால் அதனால் யாருக்கு என்ன பயன், அப்படி வாதிடச் சொல்லக் கூடாத இடங்களும் உண்டா என்பவையே இந்தக் கட்டுரையின் கேள்விகள். தமிழர்கள் வாதம் செய்து வந்த வரலாறு நீண்டது. கற்றுக்கொள்ள அதில் நிறைய உண்டு, வெட்கப்படவும் உண்டு.

பந்தயம் வைத்த வாதங்கள்

அண்ணாமலையார் கோயிலின் ராஜகோபுரத்தைக் கடந்து உள்ளே போனதும் கம்பத்து இளையனார் சன்னிதி வந்துவிடும். இளையனார் என்றால் முருகன். ஒரு கம்பத்தில், அதாவது தூணில், அவர் வெளிப்பட்ட இடம் என்பது ஐதீகம். கதை இப்படிப் போகிறது. பிரபுடதேவராயன் என்ற அரசனின் அவையில் சம்பந்தாண்டான் என்ற காளி உபாசகர் செல்வாக்கோடு இருந்தார். அருணகிரிநாதரின் புகழ் அவரை உறுத்தியது. அவரவர் தெய்வத்தை அவரவர் அவையோர் முன் வரவழைத்துக் காட்டட்டும் என்று போட்டி மூட்டினார். காளி வரவில்லை. அருணகிரியார் பாட, முருகன் தூணில் தோன்றினார். வந்த ஒளியில் அரசனுக்குப் பார்வை போயிற்று.

கதை இங்கே முடிந்திருந்தால் இது பக்திக் கதை மட்டுமே. தோற்றவர் அதன்பிறகு என்ன செய்தார் என்பதையும் ஊர் நினைவில் வைத்திருக்கிறது. அரசன் கண்ணுக்குப் பாரிஜாத மலர் வேண்டுமென்று சம்பந்தாண்டான் சொல்ல, அருணகிரியார் ஒரு கிளியின் உடலில் புகுந்து மலர் தேடிப் போனார். அவர் விட்டுப்போன உடலை சம்பந்தாண்டான் எரித்துவிட்டார். அருணகிரியார் கிளியாகவே இருந்துவிட்டார் என்பார்கள். கோயிலில் கிளிகோபுரம் அந்தப் பெயரோடு நிற்கிறது. வரலாறாக இதை யாரும் நிறுவ முடியாது. ஆனால் தோல்வியை ஏற்காத வாதி எதுவரை போவான் என்று இந்த மக்கள் நினைத்தார்கள் என்பதற்கு இது நல்ல ஆவணம்.

அருணகிரியாரைப் பற்றியே இன்னொரு கதையும் உண்டு. வில்லிபுத்தூரார் தம்மிடம் வாதில் தோற்ற புலவர்களின் காதை அறுத்துவிடும் வழக்கம் வைத்திருந்தாராம். அருணகிரியாரின் கந்தரந்தாதியில் தகர எழுத்துகளே அடுக்கி வந்த ஒரு பாட்டுக்கு அவரால் பொருள் சொல்ல முடியவில்லை. இப்போது அறுபட வேண்டியது அவருடைய காது. அருணகிரியார் அறுக்கவில்லை, இனி யார் காதையும் அறுக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு விட்டுவிட்டார். கருணைக்கு அருணகிரி என்ற வழக்கு இந்தக் கதையோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. வென்றவர் வெற்றிக்குக் கூலி கேட்காததுதான் ஊர் வாயில் நின்றது.

எல்லா இடத்திலும் இப்படி முடியவில்லை. மதுரையில் திருஞானசம்பந்தருக்கும் சமணருக்கும் நடந்த அனல்வாதம், புனல்வாதத்தின் முடிவில் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அது உண்மையில் நடந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. நடந்ததாகவே வைத்து விழா எடுத்துக் கொண்டாடியிருக்கிறோம் என்பது மட்டும் உறுதி. ஏடு தீயில் வேகாததும் நீரில் எதிரேறியதும் ஒரு கொள்கை சரி என்பதற்கு எப்படிச் சான்றாகும் என்ற கேள்வி அந்த விழாக்களில் எழுந்திருக்க வழியே இல்லை.

திருவரங்கத்தில் ராமானுஜரோடு யக்ஞமூர்த்தி என்ற அத்வைதி பல நாள் வாதிட்டுக் கடைசியில் அவருக்கே சீடரானதாக வைணவ மரபு சொல்கிறது. அருளாளப் பெருமாள் எம்பெருமானார் என்ற பெயரோடு ஞானசாரம், பிரமேயசாரம் என்ற இரண்டு நூல்களைத் தமிழில் தந்தவர் அவர். இங்கேயும் பந்தயம் உண்டு, தோற்றவர் வென்றவர் பக்கம் சேர வேண்டும் என்று. காது அறுப்பதைவிட எவ்வளவோ மேல்தான். இருந்தாலும், தோற்றால் வாழ்க்கையையே மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற நிலையில் யார்தான் தன் வாதத்தின் ஓட்டையைத் தானே எடுத்துக்காட்டுவார்?

எதிராளியின் பக்கத்தை எழுதியவர்கள்

இந்தப் பந்தயங்களுக்கு நடுவில்தான் வேறொரு பழக்கமும் தமிழில் வளர்ந்தது. மறுக்கப் போகிற கொள்கையை முதலில் அதன் முழு வலிமையோடு எடுத்துச் சொல்வது. நம் அறிவு மரபில் நாம் இன்னும் போதிய அளவு பெருமைப்படாத பகுதி இதுதான் என்பது என் கருத்து.

மணிமேகலையின் 27ஆவது காதையில் மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயக் கணக்கராகப் போய், உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். அளவைவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று பலரும் பேசுகிறார்கள். அவள் பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறாள். இதை எழுதிய சாத்தனார் பௌத்தர், காப்பியம் பௌத்தத்துக்காக எழுதப்பட்டது. ஆனாலும் மற்றவர்களைப் பேசவிட்டிருக்கிறார். கண்ணுக்குத் தெரிவதைத் தவிர வேறில்லை என்ற பூதவாதியைப் பழங்காலத் தமிழில் நேராகச் சந்திக்க நமக்கு ஒரு பௌத்தக் காப்பியத்தின் வாசலும் திறந்திருக்கிறது.

நீலகேசியின் கதை இதைவிட வியப்பானது. குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியத்துக்கு மறுப்பாக ஒரு சமணர் எழுதியது நீலகேசி. ஊர்தோறும் நாவற்கொம்பை நட்டு, வாதிட வாருங்கள் என்று அறைகூவிய பெண் குண்டலகேசி. அவளோடும் மொக்கலரோடும் புத்தரோடும்கூட நீலகேசி வாதிடுகிறாள். ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சருக்கம் உண்டு. சமயதிவாகர வாமன முனிவரின் உரையோடு 1936இல் அ. சக்கரவர்த்தி நயினார் அதைப் பதிப்பித்தார். குண்டலகேசி இன்று நமக்குக் கிடைக்கவில்லை. சில செய்யுள்கள்தான் மிஞ்சின. அதில் என்ன வாதம் இருந்தது என்று அறிய வேண்டுமானால் அதை மறுத்தவர்களிடமே போக வேண்டியிருக்கிறது. எதிரியின் கருத்தைத் திரித்து எழுதுபவர் எதிரியை மட்டும் அழிப்பதில்லை, பின்னால் வருகிறவர்களின் படிப்பையும் அழிக்கிறார். நீலகேசிக்காரர் எள்ளல் செய்யத் தயங்காதவர்தான். எதிர்வாதத்தை எடுத்துச் சொல்வதில் கஞ்சத்தனம் காட்டாததால்தான் இன்று இவ்வளவாவது நமக்குத் தெரிகிறது.

சைவத்துக்கு வருவோம். திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார், வயதில் சிறுவர். அவர் குடும்பத்தின் குருவான சகலாகம பண்டிதர், நம்மைப் பார்க்க வரவில்லையே என்ற கோபத்தோடு அங்கே போனார். பாடம் ஆணவ மலத்தைப் பற்றி நடந்துகொண்டிருந்தது. ஆணவத்தின் வடிவம் எது என்று பண்டிதர் அதட்டிக் கேட்டார். மெய்கண்டார் ஒன்றும் சொல்லாமல் அவரையே மேலும் கீழும் பார்த்தார். பண்டிதருக்குப் புரிந்துவிட்டது. அந்த இடத்திலேயே சீடரானார், அருணந்தி சிவாச்சாரியார் என்று பெயர் பெற்றார்.

அந்த அருணந்திதான் சிவஞான சித்தியாரை எழுதினார். நூலின் முதற்பகுதி பரபக்கம், பிறர் பக்கம். அடுத்தது சுபக்கம், தன் பக்கம். தன் பக்கத்தைச் சொல்லும் முன் 14 பிற கொள்கைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் அவரவர் வாதமாகவே முதலில் வைத்து, பிறகு மறுக்கிறார். வரிசை உலகாயதத்தில் தொடங்குகிறது; பௌத்தத்தில் மட்டும் நான்கு பிரிவு, ஆசீவகம், மீமாஞ்சையின் இரு கிளைகள், மாயாவாதம், சாங்கியம், பாஞ்சராத்திரம் என்று போகிறது. பௌத்தத்தை ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறிந்திருக்கலாம். சௌத்திராந்திகரும் யோகாசாரரும் மாத்தியமிகரும் வைபாடிகரும் வெவ்வேறு சொல்கிறார்கள் என்று பிரித்து, ஒவ்வொருவருக்கும் தனியாக விடை சொல்ல அவர் மெனக்கெட்டிருக்கிறார். அகங்காரத்தோடு வாதிடப் போய் ஒரு சிறுவரின் பார்வையில் அது உடைந்த மனிதர் எழுதிய நூல் என்று நினைத்துப் படித்தால் பரபக்கத்தின் அமைப்பே வேறாகத் தெரியும்.

அடுத்து உமாபதி சிவம் 1313இல் சங்கற்ப நிராகரணம் எழுதினார். அதில் உத்தி இன்னும் நுட்பமானது. ஒரு கொள்கைக்காரர் பேசுவார், அவரை அடுத்த கொள்கைக்காரர் மறுப்பார், அவரை அதற்கடுத்தவர் மறுப்பார். ஒரு ஆளே ஒவ்வொரு இருக்கையிலும் மாறி மாறி உட்கார்ந்து வாதிட்ட பயிற்சி அது.

இவர்கள் செய்ததைப் பள்ளிக்கூட விதியாகவே ஆக்கிவைத்தது நன்னூல். பவணந்தி முனிவர் நூலாசிரியருக்கு உரியவையாகச் சொல்லும் எழுவகை மதங்களில் மூன்றாவது, பிறர் கொள்கையை முதலில் தான் ஏற்றுக் காட்டிப் பிறகு களைவது. உரையாசிரியர்கள் தடை எழுப்பி விடை சொல்லும் முறையும் இதன் பிள்ளைதான். இதைப் பழக்கமாக வைத்திருந்த சமுதாயம் நாம். இலக்கணப் பாடத்தில் ஒரு மதிப்பெண் கேள்வியாக அதைச் சுருக்கிவிட்டோம்.

திருவண்ணாமலை மாவட்டத்திலேயே வந்தவாசிக்குப் பக்கம் பொன்னூர் மலை இருக்கிறது, குந்தகுந்தாசாரியாரின் பாதங்களைச் சமணர்கள் வணங்கும் இடம். ஆரணிப் பக்கம் திருமலையில் நேமிநாதர் நெடிதுயர்ந்து நிற்கிறார். ஒரு பொருளை எந்த ஒரு கோணத்திலிருந்தும் முழுதாகச் சொல்லிவிட முடியாது என்ற அனேகாந்தவாதத்தைக் கொண்டவர்கள் வாழ்ந்த, இன்றும் வாழும் வட்டாரம் இது. எந்தக் கூற்றையும் ‘ஒருவகையில்’ என்ற அடைமொழியோடு சொல்லப் பழக்கும் கொள்கை அது. ஆனால் கொள்கை ஒன்று, நடப்பு ஒன்று. அகளங்கர் என்ற சமண அறிஞர் பௌத்தர்களை வாதில் வென்ற கதையில், திரைக்குப் பின்னால் பானைக்குள் இருந்து தாராதேவியே பௌத்தர் சார்பில் பேசியதாகவும் அகளங்கர் பானையை உடைத்ததாகவும் சமண மரபு சொல்கிறது. அனேகாந்தவாதிகளுக்கும் வெற்றிக் கதை இனித்திருக்கிறது.

விரூபாட்ச குகையில் இருவர்

காவ்யகண்ட கணபதி முனி ஆந்திரத்தில் பிறந்தவர். வங்காளத்து நவத்வீபம் வாதத்துக்கும் தர்க்கத்துக்கும் பேர்போன ஊர். அங்கே 1900இல் பண்டிதர் சபையில் நினைத்த மாத்திரத்தில் சமஸ்கிருதக் கவிதை பொழிந்து, காவ்யகண்டர் என்ற பட்டத்தோடு திரும்பினார். வாதத்தில் அவரை மடக்க ஆளில்லை என்ற பேர் இருந்தது. 1907 நவம்பர் 18 அன்று அவர் அண்ணாமலையின் விரூபாட்ச குகைக்கு ஏறிப் போனார். அங்கே இருந்தவர் பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டு 1896இல் ஊரைவிட்டு வந்த 27 வயது இளைஞர். சாத்திரங்களையெல்லாம் படித்துவிட்டேன், ஜபமும் செய்துவிட்டேன், தவம் என்றால் என்னவென்று மட்டும் விளங்கவில்லை என்றார் கணபதி முனி. பட்டம் வாங்கிய பண்டிதர் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. பதிலைக் கேட்டபின் அந்த இளைஞருக்கு ரமண மகரிஷி என்று பெயர் சூட்டியவரும் அவரே.

இது பண்டிதர் சரணாகதி அடைந்த கதை மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. கணபதி முனி கடைசிவரை சக்தி உபாசகராகவே இருந்தார். நாட்டுக்கு மீட்சி மந்திர ஜபத்தால் வரும் என்று நம்பினார். உலகத்தைப் பற்றிய பார்வையில் ரமணரோடு அவர் முழுக்க ஒத்துப்போகவில்லை. இருந்தும் ரமண கீதை எனும் கேள்வி பதில் நூல் அவர் கையால்தான் உருவானது. கருத்து வேறுபாடு உறவைத் தொடவில்லை. 1936இல் கணபதி முனி மறைந்தபோது ரமணர் கலங்கினார் என்று ஆசிரம வரலாறு சொல்கிறது.

ரமணரின் முறையும் கவனிக்கத்தக்கது. 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த்துறை அலுவலர் குகைக்கு வந்து கேள்விகள் கேட்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை, எழுதிக் காட்டினார். அதுவே பின்னால் ‘நான் யார்?’ என்ற சிறு நூலாயிற்று. கேள்வி எதுவாக இருந்தாலும், இந்த ஐயம் யாருக்கு எழுந்தது என்று கேட்பவரிடமே திருப்பிவிடுவது அதன் போக்கு. 1928இல் உருவான உள்ளது நாற்பதில் உலகம் மெய்யா பொய்யா, அறிவா சடமா, இன்பமா துன்பமா என்று வாதிடுவதால் பயன் என்ன என்று கேட்கிறார். ‘நான்’ ஒழிந்த நிலையைத்தான் எல்லாத் தரப்பும் விரும்புகிறது என்பது அவர் முடிவு.

இங்கே எனக்கு ஒரு தயக்கம் உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். ரமணர் சொல்வது தத்துவ வாதத்துக்குப் பொருந்தும். ஏரியைத் தூர்க்கலாமா வேண்டாமா என்று இரு தரப்பு நிற்கும்போது, இந்த ஐயம் யாருக்கு என்று கேட்டுவிட்டு எழுந்து போக முடியாது. அங்கே யாராவது முடிவெடுத்தே ஆக வேண்டும். ரமணரிடமிருந்து பொதுவாழ்க்கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது கேள்வியைக் கைவிடுவதை அல்ல. என் கருத்து அடிபடும்போது எனக்கு ஏன் வலிக்கிறது என்று கவனிக்கும் பழக்கத்தை.

அருட்பாவும் கம்பனும்

அந்த வலி கற்றவர்களை என்ன பாடு படுத்தும் என்பதற்கு 19ஆம் நூற்றாண்டே சாட்சி. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் பாதிரியார் பீட்டர் பேர்சிவலுக்குப் பைபிளைத் தமிழாக்கும் பணியில் உதவியவர். பைபிளை உள்ளும் புறமும் அறிந்திருந்ததால்தான் 1854இல் சைவதூஷண பரிகாரம் எழுதியபோது மிஷனரிகளுக்கு அவர்கள் நூலிலிருந்தே விடை சொல்ல முடிந்தது. எதிர்த்தரப்பை அதன் வீட்டுக்குள்ளிருந்து அறிந்து வாதிட்டவர் என்று அவரை மதிக்கலாம். அதே நாவலர், 1867இல் இராமலிங்க சுவாமிகளின் பாடல்கள் திருவருட்பா என்ற பெயரோடு அச்சேறியபோது வேறு ஆளானார். திருமுறைகளுக்குச் சமமாக இவற்றை வைப்பதா என்ற கேள்வி நியாயமாகக் கேட்கக் கூடியதுதான். அது துண்டறிக்கையாகி, வசையாகி, 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றப் படி ஏறியது. இருவரும் மறைந்த பிறகும் ஓயவில்லை. நாவலர் பக்கம் நா. கதிரைவேற் பிள்ளையும் அருட்பா பக்கம் மறைமலையடிகளும், இஸ்லாமியரான செய்குத்தம்பிப் பாவலரும் நின்று மீண்டும் மோதினார்கள். தமிழின் மிகச் சிறந்த மூளைகள் பல ஆண்டுகளை இதில் செலவழித்தன. கதிரைவேற் பிள்ளையின் மாணவரான திரு.வி.க. பிற்காலத்தில் இராமலிங்க சுவாமிகளைப் போற்றி நூல் எழுதினார். அந்தச் சண்டையில் எனக்குப் பிடித்த செய்தி இதுதான்.

1943 பிப்ரவரி 9 அன்று சென்னைச் சட்டக்கல்லூரி மண்டபத்தில் கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டுமா என்ற கேள்வியில் அண்ணாவும் ரா.பி. சேதுப்பிள்ளையும் வாதிட்டார்கள். மார்ச் 14இல் சேலத்தில் அண்ணாவும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும். ‘தீ பரவட்டும்’ என்று அது நூலாகவும் வந்தது. இதில் எவரும் பற்றற்றவர் இல்லை. நெருப்பைப் பற்றிய வாதம் அது. ஆனாலும் கம்பனைக் கற்காமல் அண்ணா மேடையேறவில்லை. எதிர்த்தரப்பு அவரைப் பேசவிடாமல் தடுக்கவும் இல்லை. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் கம்பருக்கும் சிலை வைக்கப்பட்டது. அப்போது முதலமைச்சர் அண்ணா.

இதே காலத்தில் இன்னொரு பக்கம் பட்டிமன்றம் வளர்ந்தது. 1939இல் சா. கணேசன் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகம் அதற்குப் பெரிய மேடை. நடுவராகக் குன்றக்குடி அடிகளார் இருந்த பட்டிமன்றங்களைக் கேட்டவர்கள் இன்றும் சிலாகிப்பார்கள். கும்பகருணனா வீடணனா, கண்ணகியா மாதவியா என்று தலைப்பு இருக்கும். அழைப்பிதழில் எந்த அணியில் பெயர் போட்டிருக்கிறதோ அந்த அணிக்கே பேச வேண்டும். போன மாதம் வீடணனை உருகி உருகிப் போற்றியவர் இந்த மாதம் அவனைத் துரோகி என்பார். எதிரணியில் ஆள் வரவில்லை என்றால், மேடையேறும் முன் அணி மாறி உட்கார்ந்து, ‘நடுவர் அவர்களே’ என்று தொடங்கிவிடும் பேச்சாளர்கள் உண்டு. கேட்கிற கூட்டமும் இதை நாணயக் குறைவாக எண்ணியதே இல்லை. திருவண்ணாமலை போன்ற ஊர்களில் கோயில் விழா மேடைகளில் இரவு நெடுநேரம் தரையில் உட்கார்ந்து இரு பக்கமும் கேட்டுப் பழகிய மக்கள் அவர்கள். உலகில் வேறெங்கும் ஒரு பயிற்சி வாதம் இவ்வளவு எளிய மக்களின் பொழுதுபோக்காக இருந்திருக்குமா என்பது ஐயமே.

தொலைக்காட்சிக்கு வந்தபின் பட்டிமன்றம் வீடுதோறும் போய்ச் சேர்ந்தது. சாலமன் பாப்பையாவை அறியாத தமிழ் வீடு குறைவு. தலைப்புகள் மாமியார் மருமகளுக்கு இறங்கின, வாதத்தைவிட நகைச்சுவைத் துணுக்குகள் மிகுந்தன. என் குறை வேறு. எந்தப் பக்கம் வென்றாலும் யாருக்கும் எதுவும் ஆகாத தலைப்புகளிலேயே நாம் பற்றற்று வாதிடப் பழகிக்கொண்டோம். குடிநீரிலும் நிலத்திலும் சாதியிலும் வாதம் வரும்போது அந்தப் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறோம்.

பிறர் கண்டவை

இந்தியத் தர்க்க நூல்கள் வாதத்தை உண்மை காண்பதற்கான வாதம், வெல்வதற்கான ஜல்பம், தனக்கென்று பக்கமே இல்லாமல் பிறரை மறுப்பது மட்டுமான விதண்டை என்று மூன்றாகப் பிரித்தன. மருத்துவ நூலான சரக சம்ஹிதை, வைத்தியர்கள் தமக்குள் நட்போடு கலந்து பேசுவதையும் பகையோடு மோதுவதையும் தனித்தனியாக வைத்து அறிவுரை சொல்கிறது. நோயாளியின் உயிர் நடுவில் இருப்பதால் அங்கே வேறுபாடு உயிர்ப்பிரச்சினை. கத்தோலிக்கத் திருச்சபை ஒருவரைப் புனிதராக அறிவிக்கும் முன் அவருக்கு எதிராகவே வாதிட ஓர் அதிகாரியை 1587 முதல் வைத்திருந்தது. 1983இல் அந்த முறையை மாற்றியது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல், தன் பக்கத்தை மட்டும் அறிந்தவர் அதையும் சரியாக அறியாதவரே என்ற பொருள்பட எழுதினார்.

உளவியலாளர்கள் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். 1979இல் ஸ்டான்ஃபோர்டில் மரண தண்டனைக்கு ஆதரவான மாணவர்களுக்கும் எதிரான மாணவர்களுக்கும் ஒரே ஆய்வு முடிவுகளைப் படிக்கக் கொடுத்தார்கள். சாதகமும் பாதகமும் கலந்த முடிவுகள் அவை. படித்து முடித்தபோது இரு தரப்பும் நெருங்கவில்லை, அவரவர் நிலையில் இன்னும் இறுகிப்போனார்கள். தனக்குப் பிடித்த ஆய்வில் குறை தெரியாது, பிடிக்காததில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

சார்லன் நெமெத் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் நம்மைப் போல் பட்டிமன்றத்தைப் போற்றுகிறவர்கள் கட்டாயம் எதிர்கொள்ள வேண்டியவை. ஒரு குழுவில் வேண்டுமென்றே எதிர்ப்பாளர் வேடம் போடுபவரைவிட, உண்மையிலேயே மாற்றுக் கருத்து உள்ளவர் பேசும்போதுதான் மற்றவர்கள் நன்றாகச் சிந்திக்கிறார்கள் என்று அவர் கண்டார். வேடம் என்று தெரிந்தால், எதிர்ப்பையும் கேட்டாயிற்று என்ற திருப்தியோடு முதல் கருத்திலேயே நின்றுவிடுகிறார்கள். ஆகவே பற்று முழுக்கக் கெட்டது என்று சொல்லிவிட முடியாது. உண்மையான நம்பிக்கையோடு பேச ஆளும் வேண்டும்.

மலைச்சரிவில் இருக்கும் கேள்வி

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையின் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்தது. குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். கார்த்திகை தீபத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை. நிலவியல் வல்லுநர்கள் மலையை ஆராய்ந்தார்கள். கொப்பரையையும் நெய்யையும் மேலே கொண்டு செல்ல வேண்டியவர்கள் போனார்கள், டிசம்பர் 13 அன்று தீபம் ஏற்றப்பட்டது. பொதுமக்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை.

அதிலிருந்து ஊரில் வாதம் ஓயவில்லை. மலையே லிங்கம், அதன்மீது வீடு கட்டியதே தவறு என்கிறார் ஒருவர். வேறு இடம் இல்லாமல்தான் வந்தோம், தலைமுறையாக இருக்கிறோம், இப்போது எங்கே போவது என்கிறார் சரிவில் குடியிருப்பவர். மழைக்காலத்தில் அங்கே உயிருக்கு ஆபத்து என்கிறார் அலுவலர். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பெருகும் கூட்டத்தையும் கட்டடங்களையும் விட்டுவிட்டு ஏழைகளின் வீட்டை மட்டும் ஏன் பேசுகிறீர்கள் என்கிறார் இன்னொருவர். 2002இல் இந்தியத் தொல்லியல் துறை கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமாக அறிவித்தபோதும் இப்படித்தான் ஊர் கொதித்தது. கல்லைக் காப்பவர்களுக்கு வழிபாடு தெரியாது என்றது ஒரு தரப்பு, வழிபடுகிறவர்கள் கல்லைச் சிதைக்கிறார்கள் என்றது மறு தரப்பு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் கோயில் அறநிலையத்துறையிடமே திரும்பியது. இரு தரப்பின் அச்சத்திலும் உண்மை இருந்தது. ஒருவர் அச்சத்தை மற்றவர் வாயால் சொல்லிக் கேட்கும் வாய்ப்பு மட்டும் அமையவில்லை.

இந்த மலைச்சரிவில் வைத்துப் பார்த்தால் பற்றற்ற வாதம் என்பதன் எல்லை எனக்குத் தெளிவாகிறது. வீடு போகும் அபாயத்தில் இருப்பவரிடம், உணர்ச்சிவசப்படாமல் பேசுங்கள் என்று சொல்வது கொடுமை. அவருடைய பற்றுதான் அவர் தரப்புக்குச் சான்று. பாதிக்கப்படுகிறவர் கத்துவார், அழுவார், அது அவர் உரிமை. பற்றை விட வேண்டியவர்கள் அந்த வாதத்தால் எதையும் இழக்காதவர்கள்: முடிவெடுக்கும் அதிகாரி, அறிக்கை எழுதும் வல்லுநர், செய்தி போடும் பத்திரிகையாளர், நாலு பேர் கேட்கிற இடத்தில் கருத்துச் சொல்லும் என் போன்றவர்கள். நம் ஊரில் நடப்பது தலைகீழ். குடியிருப்பவரை நிதானமாகப் பேசச் சொல்லிவிட்டு, கோப்பில் ஏற்கெனவே எழுதிவிட்ட முடிவின்மீது அலுவலகம் பற்று வைத்துக்கொள்கிறது.

அருணந்தி செய்ததை நாமும் செய்யலாம், கடினமில்லை. மலைச்சரிவு வீடுகளைப் பற்றி அடுத்து நடக்கும் கூட்டத்தில், மாவட்ட நிர்வாகத்தின் சார்பில் பேசுபவர் முதலில் குடியிருப்பவர்களின் தரப்பை அவர்கள் சொல்வதுபோலவே எடுத்துச் சொல்லட்டும். ஆமாம், நாங்கள் சொல்வது இதுதான் என்று அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே தன் தரப்புக்கு வரட்டும். கோயில் தரப்பும் சூழலியலாளர்களும் அப்படியே செய்யட்டும். அந்தப் பிறர் பக்கம் கூட்டக் குறிப்பில் எழுதப்பட்டு, அதற்குரியவர்களின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். கல்லூரிகளில் பேச்சுப் போட்டி நடத்தும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மாணவர்களை இரு பக்கத்துக்கும் தயாராகி வரச் சொல்லுங்கள், எந்தப் பக்கம் என்பதை மேடையில் சீட்டுக் குலுக்கிச் சொல்லுங்கள். தலைப்பைக் கண்ணகியிலிருந்து எடுக்காமல் உங்கள் ஊர் ஏரியிலிருந்தும் மலையிலிருந்தும் எடுங்கள்.